கடைசி வரிசை

எங்கள் ஊர்க் கோயிலில் நற்கருணைக்கு ஒரே கிண்ணம்தான். வெள்ளிக் கிண்ணம், உள்ளே பொன்முலாம். குருவானவர் அதை ஒருவர் வாயில் வைத்து எடுத்ததும் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைப்பார், கொஞ்சம் திருப்புவார், அடுத்தவரிடம் போவார். கிராதியை ஒட்டி முழங்கால் போட்டிருக்கும் பத்துப் பன்னிரண்டு பேரும் அதே கிண்ணத்தில் குடித்துவிட்டு எழுந்திருப்போம். 1970களில் எனக்குத் திடப்படுத்தல் ஆன புதிதில் தலையைக் குனிந்திருப்பதுபோல இருந்துகொண்டு அந்தத் துணி திரும்புவதையே பார்ப்பேன். கடைசி ஆள் குடித்து முடிக்கும்போது துணியில் ஊதா நிறத்தில் கோடு கோடாக விழுந்திருக்கும்.

கிண்ணம் ஒன்று என்பதால் யாருக்குப் பின்னால் யார் குடிப்பது என்பது பெரிய விஷயம். எந்தப் பதிவேட்டிலும் எழுதாத முறை ஒன்று இருந்தது. முதலில் கோயில் தெரு ஆண்கள், பிறகு கோயில் தெருப் பெண்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கீழத்தெரு. அங்கிருந்து வரும் தலித் கிறிஸ்தவர்கள், மற்ற எல்லாரும் எடுத்து முடியும்வரை பின்னால் பாயில் இருந்துவிட்டு, அதன்பிறகு எழுந்து வருவார்கள். அவர்களை யாரும் கைநீட்டித் தடுத்து நான் பார்த்ததில்லை. தடுக்கத் தேவையில்லாத அளவுக்கு அது ஊறிப்போயிருந்தது. ஒரே அப்பம், ஒரே பாத்திரம் என்று பீடத்திலிருந்து ஜெபம் சொல்லப்படும். ‘ஆமென்’ சொல்லிவிட்டு, சாதிப்படி எழுந்து நடப்போம்.

அந்தக் கடைசி வரிசையில் எங்கள் சித்தப்பா ஒருவரும் இருந்தார். ஆசாரிப்பள்ளம் டி.பி. ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்து திரும்பியவர். குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் அவர் எங்களோடு முன்னால் வரமாட்டார். கீழத்தெருக்காரர்களும் எடுத்து முடிக்கட்டும் என்று இருந்து, அவர்களுக்கும் பின்னால், வரிசையின் கோடியில் போய் முழங்கால் போடுவார். “ஏன் சித்தப்பா கடைசியில போறீங்க?” என்று கேட்டேன். “எனக்குப் பெறகு யாரும் குடிக்கக் கூடாதுல்லா” என்றார். காசநோய் காற்றில்தான் பரவுகிறது, ஒருவர் குடித்த பாத்திரத்தில் இன்னொருவர் குடிப்பதால் பரவுவதில்லை என்பது இன்று எல்லாருக்கும் தெரிகிறது. பொதுக் கிண்ணத்தால் எந்த நோயும் பரவியதாக நிரூபணம் இல்லை என்று அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் 1998இல் எழுதவும் செய்தார்கள். அவருக்கு அது தெரியாது. பக்கத்தில் முழங்கால் போட்டிருப்பவருக்குத் தன்னால் கெடுதல் வரக்கூடாது என்பது மட்டும் தெரியும். கீழத்தெருக்காரர்களை நாங்கள் தள்ளி வைத்திருந்த அதே இடத்துக்கு அவர் அன்பினால் தாமாகப் போனார். பக்கத்துப் பக்கத்தில் முழங்கால் போட்டிருந்த அந்த இரண்டு கடைசிகளையும் நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இது எங்கள் ஊர் மட்டும் கண்டுபிடித்த வழக்கமில்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு வந்து இறங்கியது 1706இல். அங்கே 1733இல் ஆரோன் என்ற வேளாளர் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தச் சபையின் முதல் தமிழ்க் குரு அவர். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்றொரு உபதேசியார் இருந்தார். தஞ்சைப் படையில் சேவகம் செய்தவர், தஞ்சை நாட்டில் அடிபட்டும் அலைந்தும் ஊழியம் செய்தவர். அவருக்கும் குருப்பட்டம் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தது. பறையர் சாதியில் பிறந்தவர் கையால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்ற பயத்தில் மிஷனரிகள் தயங்கினார்கள். 1741இல் தியோகு என்ற இன்னொருவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். அப்பத்தை நீட்டுகிற கையின் சாதியைப் பார்த்த சபைக்கு, வாங்குகிற வாயின் சாதியைப் பார்ப்பதா கஷ்டம்?

கல்கத்தா பிஷப் டானியல் வில்சன் 1833இல் தென்னாட்டுச் சபைகளுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். சபைக்குள் சாதி உடனே, முழுவதுமாக ஒழிய வேண்டும் என்பது அதன் சாரம். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஏராளமானோர் கோயிலைவிட்டு வெளியேறினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் மிஷனரிகளின் சாதி ஒழிப்பு முயற்சியை எதிர்த்து எழுதியவர்தான். அவருடைய கீர்த்தனைகளைப் பாடி வளர்ந்தவன் நான். இதைப் படித்த அன்று மனம் ஆறவில்லை. கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளத்தில் கோயிலுக்குள் சாதிக்குச் சாதி பிரிக்கும் சுவரே நின்றது. 1910இல் கௌசானல் சுவாமியார் அதை இடித்தார். சுவர் வேண்டும் என்று சென்னை ஹைகோர்ட் வரைக்கும் போனார்கள், தோற்றார்கள். எங்கள் ஊரில் இடிக்கச் சுவர் இல்லை.

எங்கள் ஊர் வரிசை முறையைப் புதிதாக மாற்றலாகி வந்த ஒரு குருவானவர்தான் முடித்துவைத்தார். பிரசங்கம் செய்து பார்க்கவில்லை. ஒரு நற்கருணை ஞாயிறு, அழைப்பு ஜெபம் முடிந்ததும், “இன்றைக்குப் பின்பாயிலிருந்து வாருங்கள்” என்றார். கோயில் அசையவில்லை. கீழத்தெருப் பாட்டி ஒருத்தி எழுந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். பாட்டி சேலையை விடுவித்துக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்து, அவ்வளவு பெரிய கோயிலின் நடுவில் தனியாக நடந்து போய்க் கிராதியில் முழங்கால் போட்டாள். கோயில் தெருவில் நாலைந்து குடும்பத்து ஆண்கள் எழுந்து வெளியே போனார்கள். எங்கள் தாத்தா எழுந்தார், அவரும் வெளியேதான் போகிறார் என்று நினைத்தேன். நேராகப் போய் அந்தப் பாட்டிக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டார். அவள் குடித்த கிண்ணத்தைத் துடைத்துத் திருப்பி அவருக்குக் கொடுத்தார் குருவானவர்.

தாத்தா பெரிய புரட்சிக்காரரில்லை. அவர் வளர்ந்த முறை வேறு. நற்கருணைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை நடக்கும். மணி அடித்ததும் வீட்டில் ஒரு பரபரப்பு. யார் யாரோடு பேச்சு வார்த்தை இல்லை என்பது ஊருக்கே தெரியும். காணிக்கையைப் பீடத்தில் வைக்க வந்த இடத்தில் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று ஞாபகம் வந்தால், வைத்துவிட்டுப் போய்ச் சமாதானம் செய்துவிட்டு வா என்று இயேசு சொன்னதை அந்தத் தலைமுறை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆச்சிக்கும் அவள் நாத்தனாருக்கும் கிணற்று முறைத்தண்ணீர் விஷயமாக வருஷக்கணக்கில் தகராறு. ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் நின்றபடியே, “மதினி, நாளைக்கு நற்கருணை. எம்மேல வருத்தம் இருந்தா சொல்லிரு” என்றாள்.

“வருத்தம் இருக்கத்தான் செய்யுது. உள்ள வா, காப்பி குடி” என்றாள் அவள்.

தண்ணீர்த் தகராறு தீரவில்லை. திங்கட்கிழமை காலையில் கிணற்றடியில் மறுபடி சத்தம் கேட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே வரிசையில் முழங்கால் போட்டிருந்தார்கள், அது பொய்யில்லை. வருத்தம் இருக்கிறது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு உள்ளே கூப்பிட அவளால் முடிந்தது.

அபாத்திரமாக நற்கருணை எடுத்தால் ஆக்கினை வரும் என்று எங்களை அந்த நாளில் நிறையப் பயமுறுத்தியிருக்கிறார்கள். சினிமா பார்த்தவன், பீடி குடித்தவன் எல்லாம் பயந்து பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவான். பவுல் கொரிந்து சபைக்குக் கி.பி. 55 வாக்கில் எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தை முழுதாக வாசித்தால் அவருடைய கோபம் வேறு இடத்தில் இருப்பது தெரியும். அந்தச் சபையில் நற்கருணை ஒரு சாப்பாட்டுப் பந்தியோடு சேர்ந்து நடந்தது. வசதியுள்ளவர்கள் காத்திராமல் தங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுக் குடித்துப் போதையேறியிருக்க, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்தி, தேவனுடைய சபையையே அசட்டை செய்கிறீர்களே என்பதுதான் அவருடைய கோபம். அதற்கு அவர் சொன்ன பரிகாரமும் எளிது: கூடி வரும்போது மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டும். தகுதி என்று அவர் பேசியதில் பெரும்பங்கு பக்கத்தில் இருப்பவரை நாம் நடத்தும் விதத்தைப் பற்றியது என்றே நான் நம்புகிறேன். பீடி குடித்தவனைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, கீழத்தெருவைக் கடைசியில் நிறுத்திய நாங்கள்தான் அந்த அதிகாரத்துக்குப் பயந்திருக்க வேண்டும்.

இப்போது நான் இருப்பது நகரத்தில். பெரிய கோயில், ஞாயிற்றுக்கிழமையில் பல ஆராதனைகள். 2020 மார்ச்சில் கோயில்களை மூடினார்கள். அந்த வருஷம் பெரிய வியாழனும் ஈஸ்டரும் வீட்டில் போன் திரைக்கு முன்னால் போயின. மறுபடி திறந்தபோது பொதுக் கிண்ணம் அலமாரிக்குப் போய்விட்டது. வட்டத் தட்டில் குழி குழியாக அடுக்கிய, கட்டைவிரல் உயரச் சின்னக் கிண்ணங்கள் வந்தன. அவரவர் எடுத்துக் குடித்துவிட்டு வைக்க வேண்டும். கிருமி பயத்தினால் 1890களிலேயே அமெரிக்கச் சபைகளில் வந்துவிட்ட ஏற்பாடுதான்.

இதை நான் குறை சொல்லமாட்டேன். வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அது பாதுகாப்பு. ரசமும் மாறியிருக்கிறது. குடியை விட்ட நண்பர் ஒருவர், ஒரு சொட்டு நாக்கில் பட்டால் பழையபடி ஆகிவிடுவேனோ என்று பயந்து நற்கருணை நாளில் வாசலோடு நின்றுவிடுவார். எங்கள் குருவானவர் அதைக் கேள்விப்பட்டு, எல்லாருக்குமே புளிக்காத திராட்சைச் சாறு என்று ஏற்பாடு செய்தார். அவருக்கு மட்டும் தனிக் கிண்ணம் வைத்து ஊருக்குக் காட்டவில்லை. 1869இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர் திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் காக்கும் வழியைக் கண்டதும் நற்கருணைப் பந்திக்காகத்தான். நண்பர் இப்போது வாசலில் நிற்பதில்லை. கீழத்தெரு, கோயில் தெரு என்ற வரிசையும் இங்கே கிடையாது. பெஞ்சு பெஞ்சாக எழுந்து போகிறோம், முன்னால் போகிறவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. தாத்தா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஆனால் யார் என்று கேட்காதது இன்னொரு பக்கமும் வேலை செய்கிறது. பக்கத்தில் முழங்கால் போட்டிருப்பவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் என்னைத் தெரியவில்லை. முன்பு இதற்கு ஆராதனையிலேயே ஒரு வழி இருந்தது. எங்கள் தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானது. 1950இல் அது தன் நற்கருணை ஆராதனையை அமைத்தபோது, சிரியன் சபைகளிடமிருந்து ஓர் அருமையான வழக்கத்தை எடுத்துச் சேர்த்தது. பீடத்திலிருந்து சமாதானம் கைக்குக் கை வரும். வருகிறவர் இரண்டு உள்ளங்கைகளால் நம் கைகளைப் பொத்திப் பிடிப்பார், நாம் அதேபோல அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். தொட்டால் தீட்டு என்ற நாட்டில், அப்பத்தைத் தொடும் முன் பக்கத்து ஆளைத் தொடு என்று சொன்ன ஆராதனை அது. எங்கள் ஊரில் கீழத்தெருக் கைகளை நான் முதல்முதலாகத் தொட்டது அப்படித்தான். களை பிடுங்கிக் காய்த்துப்போன கைகள். 2020க்குப் பிறகு நின்ற இடத்திலிருந்து ஒரு கும்பிடு. நோய்ப் பயம் தணிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. கல்யாண வீட்டில் கட்டிப்பிடித்துப் பேசுகிறோம். கோயிலில் மட்டும் கைகள் இன்னும் திரும்பி வரவில்லை.

சனிக்கிழமை ஆயத்த ஆராதனையும் போய்விட்டது. அதற்குப் பதில் ஞாயிறு காலை ஒரு நிமிட மௌனம். அந்த நிமிடத்துக்குள் யார் வீட்டு வாசலுக்குப் போய் நிற்பது? சபைத் தேர்தல் நேரத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். இரண்டு அணி. வாட்ஸாப்பில் ஒருவர் குடும்பத்தை ஒருவர் இழுத்து எழுதுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கிராதியின் இந்தக் கோடியில் ஓர் அணி, அந்தக் கோடியில் மற்ற அணி. சாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைத்திருக்கிறோம்.

எனக்கு எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது கடைசிப் பத்து நிமிடம். படியேற முடியாதவர்களுக்குக் குருவானவர் கீழே இறங்கி வந்து பெஞ்சிலேயே கொடுக்கிறார். முன்பு இந்த அக்கறை இல்லை, நல்ல வழக்கம். ஆனால் எல்லாருக்கும் கொடுத்த பிறகுதான் அவர்களிடம் வருகிறார். அதற்குள் தான் எடுத்தது போதும் என்று பாதிச் சபை எழுந்துவிடுகிறது, வண்டி எடுக்க வேண்டும், அடுத்த ஆராதனைக்காரர்கள் உள்ளே வர வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெரியம்மா, கிளம்புகிறவர்களின் இடுப்புகளுக்கு நடுவில் இரண்டு கையையும் குவித்து நீட்டிக்கொண்டு காத்திருக்கிறார். கைப்பை ஒன்று அவர் தோளில் இடித்துவிட்டுப் போகிறது. அப்பம் அவர் கைக்கு வரும்போது அவரைச் சுற்றி யாரும் இல்லை.

போன மாதம் பாஸ்டரேட் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தேன். படியேற முடியாதவர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டு மற்றவர்கள் வரட்டும் என்பது ஒன்று. கடைசி ஆள் எடுக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, அதற்காக அடுத்த ஆராதனையை அரைமணி தள்ளி வையுங்கள் என்பது இரண்டாவது. தேர்தலில் நிற்கிறவர்கள் நற்கருணைக்கு முந்தின நாள் குருவானவர் வீட்டில் ஒருவரையொருவர் நேரில் பார்த்துப் பேசிவிட்டு வரட்டும் என்று மூன்றாவதும் கேட்டிருந்தேன். முதலாவதை அப்போதே ஒத்துக்கொண்டார்கள், வருகிற நற்கருணையிலிருந்து நடக்கும். அரைமணி நேரத்துக்கு ஆராதனை அட்டவணையைப் பார்க்க வேண்டுமாம். மூன்றாவதைத் தேர்தல் முடிந்தபிறகு பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு அணிக்காரர்களும் சேர்ந்து சொன்னார்கள்.