சூரியனுக்கு லீவு கொடுத்த சபைக்கு ஒரு விண்ணப்பம்

விடயம்: சித்திரை விடுமுறையில் சூரியனை இடைநிறுத்தல்

மதிப்புக்குரிய மின்சார சபைப் பெரியவர்களுக்கு,

யாழ்ப்பாணத்துக் கூரை ஒன்றின்மேல் 5 கிலோவொற் சோலர் பூட்டி, வீட்டுத் தேவை போக மிஞ்சியதைத் தங்கள் கம்பியில் ஏற்றிவிடும் சின்ன உற்பத்தியாளன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். அங்கு தேசிய மின்கட்டமைப்பும் நலமாயிருக்க நல்லூர்க் கந்தனை வேண்டிக்கொள்கிறேன். அதற்குச் சுகமில்லாமற் போகும் நாளில் முதற் சந்தேகம் எங்கள் கூரைகள்மேல்தான் விழுகிறது என்பதால், இந்த வேண்டுதலில் கொஞ்சம் சுயநலமும் உண்டு.

சபையைப் பல கம்பனிகளாகப் பிரிப்பதற்கான சட்டம் 2024 இலேயே வந்துவிட்டது. ஆகவே இந்தக் கடிதம் எந்தக் கம்பனியின் மேசைக்கு உரியதோ அங்கே தள்ளிவிடவும். மேசைக்கு மேசை தள்ளும் கலையில் தங்களுக்குச் சொல்லித்தர எங்களிடம் ஒன்றுமில்லை.

அடுத்த சித்திரை வருசம் கிட்டுகிறது. 2025 சித்திரைக்குத் தாங்கள் விடுத்த பகிரங்க வேண்டுகோளை நாங்கள் மறக்கவில்லை. விடுமுறைக்கு ஆலைகளும் கந்தோர்களும் பூட்டிக் கிடக்கும், நாட்டின் மின்தேவை சரிந்துவிடும், ஆகவே கூரையில் சோலர் வைத்திருப்பவர்கள் பகலில் பிற்பகல் 3 மணி வரை அதைத் தாங்களாகவே நிறுத்திவைத்து உதவ வேண்டும் என்றீர்கள். 3 மணிக்குப் பிறகு போடத் தடையில்லை. வெயில் சாயத் தொடங்கிய பின் சூரிய மின்சாரம் எடுக்க அனுமதித்த அந்தப் பெருந்தன்மைக்கு முதற்கண் நன்றி.

ஒரேயொரு சங்கடம். ஏப்ரல் 5 தொடக்கம் 14, 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் வருடாவருடம் அறிவிக்கிறது. தெற்கில் தொடங்கி நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, வருசப்பிறப்பை ஒட்டி யாழ்ப்பாணத்தார் தலைக்கு மேல் வந்து நிற்பார். வருசப்பிறப்பே அவர் மேட இராசியில் கால் வைக்கும் நேரத்தைக் கணித்து, மருத்துநீர் வைத்து முழுகிக் கொண்டாடுவதுதான். ஆக, 2025 இல் நாங்கள் முற்றத்தில் அவருக்குப் பொங்கிப் படைத்துக் கும்பிட்டோம். கும்பிட்ட கையோடு வீட்டுப் பின்புறம் போய் அவருடைய வரவை ரத்துச் செய்தோம். தெய்வ நிந்தனையா, தேசிய சேவையா என்று குருக்களைக் கேட்டிருக்கலாம். அவர் வீட்டுக் கூரையிலும் சோலர் இருப்பதால் பக்கச்சார்பாகப் போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

நிறுத்துவதும் லேசான காரியமில்லை. இன்வேட்டருக்குப் பக்கத்தில் இரண்டு சுவிட்ச். கம்பிப் பக்கம் போகும் ஏசி சுவிட்சை முதலில் இறக்க வேண்டும். பிறகுதான் கூரையிலிருந்து வரும் டீசி சுவிட்சைத் திருப்ப வேண்டும். மாறிச் செய்தால் சுவிட்சுக்குள் பொறி பறக்கலாம். முறைப்படி செய்தால் பச்சை விளக்கு அணைந்து இன்வேட்டர் அடங்கும். அடுத்த கணம் வீட்டு ஃபிரிட்ஜும் ஃபானும் தங்கள் கறண்டில் ஓடத் தொடங்கும். மீற்றரில் ஏற்றுமதி இலக்கம் நிற்க, இறக்குமதி இலக்கம் ஓடும். உச்சி வெயிலில், கூரை கொதிக்கக் கொதிக்க, நாங்கள் தங்களிடம் காசு கொடுத்து மின்சாரம் வாங்கினோம். தேவை குறைந்துவிட்டதே என்று கவலைப்பட்ட தங்களுக்கு எங்கள் தேவையையும் கூட்டிக் கொடுத்தோம். வருசக் கைவிசேஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் அதைக் கழித்துக் கொள்ளும்படி கேட்கமாட்டோம். வேண்டுகோளுக்கு இணங்கியவனுக்கு நட்டஈடு ஏது? வங்கிக் கடனின் மாதத் தவணைக்கு மட்டும் சித்திரை லீவு கிடையாது.

இந்தக் கடன் எப்படி வந்தது என்று கோப்பைப் புரட்டினால் தெரியும். 2016 செப்டெம்பரில் அரசு ‘சூரிய பல சங்கிராமய’ என்ற இயக்கத்தைத் தொடக்கியது. கூரைகளிலிருந்து 2020 இல் 200 மெகாவொற், 2025 இல் 1000 மெகாவொற் என்பது இலக்கு. மிஞ்சும் ஒவ்வொரு அலகுக்கும் முதல் 7 வருடம் 22 ரூபாய், அடுத்த 13 வருடம் 15.50 ரூபாய் என்று 20 வருட ஒப்பந்தம். விளம்பரத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். விண்ணப்பத்தைப் பார்த்ததும், வயரிங்கைச் சோதித்ததும், மின்மாற்றி தாங்குமா என்று முடிவெடுத்ததும், இருவழி மீற்றரைப் பூட்டி முத்திரை குத்தியதும் தங்கள் ஆட்கள்தான். இரவோடிரவாகக் கள்ளமாகக் கம்பியில் கொழுவிய கூரை ஒன்றுமில்லை. 1000 மெகாவொற் என்ற இலக்கைச் சனம் தாண்டியது. அந்த 2025 ஆம் ஆண்டிலேயே ‘அணையுங்கள்’ என்ற அறிவித்தலும் வந்தது. வீடுவீடாகப் போய்க் கலியாணத்துக்குச் சொல்லிவிட்டு, வந்த சனம் கூடிப்போச்சு என்று பந்தலுக்கு வெளியே நிறுத்திவைத்தது மாதிரி ஆயிற்று.

இடையில் 2022 ஒன்று வந்து போனது. எண்ணெய் வாங்க டொலர் இல்லை. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. அதற்குப் பிறகுதான் பலர் நகையை வைத்தாவது சோலர் பூட்டினார்கள். பூட்டிய பிறகுதான் தெரிந்தது, பற்றரி இல்லாத சோலர் கறண்ட் போனால் தானும் நின்றுவிடும் என்று. கம்பியில் ஏறி வேலை செய்பவரின் உயிருக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள், அது நியாயம். ஆனால் எங்கள் நிலைமையையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தங்களிடம் மின்சாரம் இல்லாத நேரம் எங்கள் சோலர் வேலை செய்யாது. தங்களிடம் மின்சாரம் மிஞ்சிய நேரம் அது வேலை செய்யக்கூடாது.

அடுத்தது குரங்கு விவகாரம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் கறண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று அமைச்சர் சொன்னார். நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோக, அடுத்த இரண்டு நாளும் ஒன்றரை மணிநேர மின்வெட்டு. உலகப் பத்திரிகைகளில் எங்கள் குரங்குக்குக் கிடைத்த இடம் எங்கள் கிரிக்கெட் அணிக்குக்கூட அந்த வாரம் கிடைக்கவில்லை. பிறகு வந்த விளக்கத்தில் குரங்கோடு சூரியனும் குற்றவாளிக் கூண்டில் ஏறியது. ஞாயிறு என்பதால் தேவை குறைவு, சோலர் அதிகம், ஆகவே கட்டமைப்புக்குத் தாங்கும் வலு இல்லை என்றீர்கள்.

தங்கள் பொறியியலாளர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. நுரைச்சோலையிலும் மகாவலி அணைகளிலும் சுழலும் கனத்த இயந்திரங்கள், எங்கேயாவது பழுதொன்று வந்தால் தங்கள் சுழற்சி வேகத்தாலேயே சில விநாடி கட்டமைப்பைத் தாங்கிப் பிடிக்கும். சோலர் தகட்டில் சுழல எதுவும் இல்லை. சோலரின் பங்கு கூடி அந்த இயந்திரங்கள் குறைந்த பகலில், 50 ஹேர்ட்ஸில் நிற்கவேண்டிய அதிர்வெண் ஒரு சின்னத் தட்டலுக்கே தடுமாறும். அயல்நாட்டோடு கம்பித் தொடர்பில்லாத தீவு என்பதால் மிஞ்சியதைத் தள்ளிவிட வழியுமில்லை. எல்லாம் சரி. ஆனால் தீவு 2016 இலும் தீவாகத்தான் இருந்தது. தகடு அப்போதும் சுழலவில்லை. 1000 மெகாவொற் என்று இலக்கு எழுதிய அன்றே இவ்வளவும் தெரிந்த கணக்கு.

அதோடு, சூரியன்மேல் பழி விழுமுன்னரும் இந்த நாடு இருண்டிருக்கிறது. 2016 மார்ச் 13, 2020 ஓகஸ்ட் 17, 2021 டிசெம்பர் 3, 2023 டிசெம்பர் 9 எல்லாம் நாடளாவிய இருட்டு நாட்கள். 2016 மார்ச்சில் அந்தச் சோலர் இயக்கமே பிறக்கவில்லை. 2023 இல் கறண்ட் போனது மாலை 5 மணிக்குப் பிறகு; சூரியன் அப்போது வீட்டுக்குப் போகும் வழியில் நின்றார். இந்த இரண்டு வழக்குகளிலாவது அவர் நிரபராதி என்று பதிந்துகொள்ளவும்.

உண்மையில் வியக்க வேண்டியது வேறொன்று. கூரைகள் எல்லாம் சேர்ந்தால் நுரைச்சோலையின் 900 மெகாவொற்றை விடப் பெரிய மின்நிலையம். 2025 சித்திரையில் அந்த நிலையத்தின் எந்தக் கூரை எந்த நிமிடம் எவ்வளவு தருகிறது என்று தங்கள் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவருக்குத் தெரியவில்லை. கூட்டவும் குறைக்கவும் அவர் கையில் ஒரு பொத்தான் இருக்கவில்லை. இருந்தது ஊடக அறிக்கை ஒன்றுதான். நாட்டின் மிகப்பெரிய மின்நிலையத்தைப் பத்திரிகை அறிவித்தல் மூலம் இயக்கிய பெருமை தங்களையே சேரும்.

விலைக்கு வருவோம். 2016 இல் அலகுக்கு 22 ரூபாய். 2025 இல் புதிதாக இணையும் 5 கிலோவொற் வரையான வீட்டுக்கு 20.90 ரூபாய். இடையில் டொலருக்கு எதிரே ரூபாயின் பெறுமதி ஏறக்குறைய பாதியாகிவிட்டது. தகட்டின் விலை இறங்கியதும் உண்மைதான், அதனால் இதை வைத்துச் சண்டை பிடிக்க வரவில்லை. அதே ஆண்டில் இன்னொரு விலையும் வந்தது. பகல் வெயிலைப் பற்றரியில் சேமித்து, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில் தந்தால் அலகுக்கு 45.80 ரூபாய். சூரியன் அதே சூரியன், கூரையும் அதே கூரை. நேரம் மாறியதும் பெறுமதி இரட்டிப்பாகிறது. அப்படியென்றால் நாட்டில் குறைவாக இருப்பது பகல் மின்சாரத்தை இரவுக்குக் கொண்டுபோகும் வழி என்று தங்கள் விலைப்பட்டியலே ஒப்புக்கொள்கிறது. அந்த வழியைப் போடும் பொறுப்பை மட்டும் மறுபடி ஒரு கடன் எடுக்கச் சொல்லி எங்கள் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, இரவில் இறக்கி மின்சாரம் எடுக்கும் 600 மெகாவொற் மகா ஓயாத் திட்டம் பல வருடமாகத் தாளிலே ஓடுகிறது. தாளில் ஓடும் தண்ணீரால் விசையாழி சுற்றாது. 2025 ஏப்ரல் 5 இல் இந்தியாவோடு மின்சாரம் ஏற்றவும் இறக்கவும் கடல் தாண்டிக் கம்பி இழுப்பது பற்றிப் புரிந்துணர்வு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நல்ல விடயம். அதே மாதத்தில், மதில் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னீர்கள். என் கூரையில் மிஞ்சும் அலகு கொழும்புக்குப் போவதில்லை. அதே ஒழுங்கையில் அடுத்த வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போகிறது. என்னிடம் வாங்கி அவரிடம் விற்கிறீர்கள். இவ்வளவு குறைந்த தூரத்துக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் வியாபாரம் வேறெங்கும் கிடையாது.

2030 இல் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து என்பது இந்த நாட்டின் அறிவிக்கப்பட்ட இலக்கு. அது காகிதத்தில் இருக்கும் வரை சூரியனை வரவேற்கிறீர்கள். கூரையில் இறங்கி வந்தால் விடுமுறை கொடுத்து அனுப்புகிறீர்கள். எனவே அடுத்த சித்திரைக்கு முன் இவற்றைக் கவனத்தில் எடுக்குமாறு கேட்கிறேன்.

முதலாவது, அணையுங்கள் என்று சொல்லுமுன் பாவியுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். விடுமுறைப் பகலில் அலகின் விலையைக் குறைத்து ஒரு அறிவித்தல் விடுங்கள். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர்கள் விடியப்புறத்திலிருந்து மத்தியானத்துக்கு மாறும். 2025 இல் வாகன இறக்குமதி திறந்த பிறகு வந்திறங்கிய மின்கார்கள் இரவில் சார்ஜ் ஏறுவதை விட்டுப் பகலில் ஏறும். சனத்துக்கு விலை விளங்கும்.

இரண்டாவது, புதிதாகப் பூட்டும் இன்வேட்டர்களைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து தேவையான அளவுக்கு மட்டும் குறைக்கும் வசதியோடு பூட்டுங்கள். முழுதாக நிறுத்தாமல் கால்வாசி குறைத்தால் போதுமான நாட்களும் உண்டு. குறைத்த அலகுக்கு ஒரு விலையும் வையுங்கள். ஓடாமல் ஆயத்தமாக நிற்கும் அனல் நிலையத்துக்கும் காசு கொடுக்கிறீர்கள்; கூரைக்கு மட்டும் தேசபக்தி போதுமென்பது என்ன நியாயம்?

மூன்றாவது, பற்றரியை வீட்டுக்காரர் தலையில் மட்டும் கட்டாமல் உப மின்நிலையங்களில் வையுங்கள். பகலில் சேமித்து இரவில் கொடுக்கவும், பழுது வந்த அந்தச் சில விநாடிகளில் கட்டமைப்பைத் தாங்கவும் அது உதவும். குரங்கு வராமல் வேலியும் போட்டுவிடுங்கள், செலவு குறைவு.

சூரியன் விண்ணப்பப் படிவம் நிரப்பி வருவதில்லை. வருடத்தில் எந்த நாள் எங்கே நிற்பார் என்பதைப் பஞ்சாங்கமே சொல்லிவிடும். இவ்வளவு முன்னறிவித்தலோடு வரும் ஒரு மின்நிலையத்துக்கு ஆயத்தமாக இல்லாதது அவர் பிழையல்ல, எங்கள் பிழையுமல்ல. சித்திரை ஒவ்வொரு வருடமும் சித்திரையில்தான் வருகிறது. அடுத்ததற்காவது அறிவித்தலுக்குப் பதில் ஆயத்தத்தோடு வாருங்கள்.

இப்படிக்கு,
பிற்பகல் 3 மணிக்குப் பிறகு தங்கள் உண்மையுள்ள,
கூரை உற்பத்தியாளன்