ஆய்வகம் புகு படலம்: சில ஆதாரங்களும் ஒரு துணிபும்

பல்கலைக்கழக ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் ஆராய்ச்சி மாணவர் எந்தக் கணத்தில் அந்த ஆய்வகத்தைச் சேர்ந்தவர் ஆகிறார் என்ற கேள்வியை அறிஞர்கள் போதிய அளவு எழுப்பவில்லை. எழுப்பியிருக்க வேண்டியவர்கள் ஆட்டோகிளேவ் ஆறுவதற்காகக் காத்திருந்தார்கள் போலும். அக்குறையை இக்கட்டுரை போக்க முயல்கிறது. ஆய்வின் எல்லை, தமிழகப் பல்கலைக்கழகங்களின் உயிரியல் சார்ந்த துறைகள். கணிதத் துறையில் ஒருவர் சேர ஒரு நாற்காலி காலியானால் போதும் என்பதால் அத்துறை விலக்கப்பட்டது.

முதற்கண் அலுவலகத்தார் கொள்கையை எடுத்துக்கொள்வோம். ஜாயினிங் ரிப்போர்ட்டில் கைடு கையெழுத்துப் போட்டு, துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டு, அது பதிவாளர் அலுவலகத்தில் சீல் வாங்கிய நாளே சேர்ந்த நாள் என்பர் இவர்கள். அற்றன்று. சேர்ந்தது உண்மையானால் அன்று முதல் உதவித்தொகை வர வேண்டும் அல்லவா? ஜே.ஆர்.எஃப். தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது. உயர்ந்ததை எல்லோரும் அறிவர். வந்ததை அறிய சிலருக்கு நெடுநாள் ஆகிறது. ஆகவே காகிதத்தில் சேர்வது வேறு, சேர்வது வேறு என்பது பெற்றாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறையும் இங்கே கை கொடுக்காது. ஆராய்ச்சி நெறிமுறைத் தாள் உட்படக் குறைந்தது 12 கிரெடிட் படிக்க வேண்டும் என்கிறது அது. எடுத்த ஐஸ் பக்கெட்டை எடுத்த இடத்தில் வைப்பதற்கு அதில் அரை கிரெடிட்கூட இல்லை.

காகிதமே இல்லாமல் ஆய்வகம் புகுந்தோர் உண்டா எனின், உண்டு. 1907இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக இருந்த சி.வி. ராமன், டிராமில் போகும்போது பவ்பஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து இறங்கிப் போனார். கதவைத் திறந்த அசுதோஷ் தே பிற்பாடு பல்லாண்டுகள் அவருடைய உதவியாளராக இருந்தார். இன்னொரு சான்று ஃபேனி ஹெஸ்ஸே. 1880களின் தொடக்கத்தில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்க்கப் போட்ட ஜெலட்டின், வெயில் வந்தால் உருகியது. அங்கே பணியாற்றிய வால்ட்டரின் மனைவியான ஃபேனி, தாம் சமையலில் பயன்படுத்தும் அகர் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். இன்றுவரை உலகத்து ஆய்வகங்கள் அதில்தான் பிளேட் ஊற்றுகின்றன. அந்த அம்மையாருக்கு ஐடி கார்டு கொடுத்ததாகத் தெரியவில்லை.

இனி இலக்கண நூலார் கருத்து. பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரை மூவகையாகப் பிரித்து, அன்னத்தையும் பசுவையும் தலைமாணாக்கர்க்கும், மண்ணையும் கிளியையும் இடைமாணாக்கர்க்கும், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைக் கடைமாணாக்கர்க்கும் உவமையாக்கினார். பதின்மூன்றாம் நூற்றாண்டுக்கு இது பொருந்தியிருக்கலாம். ஆய்வகத்துக்கு இவ்வரிசை தலைகீழ். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் புரோட்டோகாலில் கை வைத்தால், தனக்குத் தேவையில்லை என்று தோன்றிய இரண்டு படிகளை விட்டுவிடும். சாயங்காலம் ஜெல்லில் ஒரு பேண்டும் வராது. சொன்னதைச் சொன்னபடி செய்யும் கிளியே முதல் ஆறு மாதத்துக்கு உத்தமம். தெளிந்ததை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் என்று முனிவர் பழித்த நெய்யரியோ, டி.என்.ஏ.வை ஆல்கஹாலில் வீழ்த்திச் சுழற்றி எடுக்கும் நாளில் தங்கப் பதக்கம் வாங்கும். அன்று கொட்ட வேண்டியது மேலே நிற்கும் தெளிந்த நீர். காக்க வேண்டியது குழாயின் அடியில் ஒட்டிய, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத வெள்ளைக் கசடு. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தெளிந்ததைப் பத்திரப்படுத்திக் கசடைத் தொட்டியில் கொட்டுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம்.

ஆய்வகத்தில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதை அவர் கையில் இருக்கும் பிப்பெட் சொல்லிவிடும். நல்ல பிப்பெட் சீனியரின் டிராயரில், நீல டேப் சுற்றி, பெயர் எழுதி, பூட்டப்பட்டிருக்கும். புதியவருக்குக் கொடுக்கப்படுவது ஸ்பிரிங் தளர்ந்து, நுனியில் சொட்டுவது. கட்டைவிரலுக்கு இரண்டு நிறுத்தம் உண்டு. முதல் நிறுத்தம் வரை அமுக்கித்தான் உறிஞ்ச வேண்டும், இரண்டாவது கடைசித் துளியை வெளியேற்ற என்பதை யாரும் முதல் நாளே சொல்வதில்லை. இரண்டாவது வரை அமுக்கி உறிஞ்சினால் அளவு கூடிப்போகும். தராசில் வைத்து, ஆயிரம் மைக்ரோலிட்டர் தண்ணீர் ஒரு கிராமுக்கு மேல் ஏன் காட்டுகிறது என்று புதியவர் விழிக்கும்போதுதான் சீனியர் திரும்பிப் பார்த்து, "முதல் ஸ்டாப்பில நிறுத்தணும்பா" என்பார். இவ்வறிவு திட்டோடு மட்டுமே கைமாறுவது. எழுதிவைத்தால் பலிக்காது என்ற நம்பிக்கை துறைதோறும் இருக்கிறது.

இக்கருவியே ஒரு புதியவரின் எரிச்சலில் பிறந்தது. ஜெர்மனியின் மார்பர்க்கில் ஓர் ஆய்வகத்தில் 1957இல் சேர்ந்தவர் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர். அக்காலத்தில் கண்ணாடிப் பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சுவார்கள். சிறு சிறு அளவுகளை நாளெல்லாம் உறிஞ்சி வைக்கும் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. சில நாள் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது கையில் ஸ்பிரிங் வைத்த பிப்பெட் இருந்தது. வந்தவர் தலையில் மிகச் சலிப்பான வேலையைக் கட்டும் மரபுக்கு இதைவிட நல்ல நியாயம் கிடைக்காது. ஆனால் சீனியர்கள் இதை மேற்கோள் காட்டுவதில்லை. அவர்களுக்கு நியாயம் தேவைப்படுவதில்லை.

ஆட்டோகிளேவ் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம். காயிலுக்கு மேல் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்காமல் சுவிட்சைப் போட்டவர் பெயர் அவர் பட்டம் வாங்கிப் போன பிறகும் வாழும். கீழ்வரும் உரையாடல் மட்டும் பதிவுக்குரியது.

"அக்கா, இந்த டேப்பில கோடு சரியாவே தெரியலை. வேற ரோல் எடுக்கட்டுமா?"

"உள்ள போயிட்டு வரட்டும்டா. கோடு தானா கறுக்கும்."

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் இடம் கிடைப்பதே சேர்ந்ததற்கு அடையாளம் என்பாரும் உளர். இக்கொள்கை வலுவானது. கிடைக்கும் இடம் அடித்தட்டில், பனி மூடிய மூலை, அதுவும் பாதி. மீதிப் பாதியில் ஒரு பெட்டி இருக்கும். மூடியில் இரண்டு எழுத்து. எத்தனால் பட்டு மூன்றாவது எழுத்து அழிந்துவிட்டது. உள்ளே குழாய்களில் 1, 2, 3 என்றும், ஒன்றில் மட்டும் 'புதியது' என்றும் எழுதியிருக்கும். எழுதியவர் எந்த நாட்டில் போஸ்ட்டாக் செய்கிறார் என்பதில் சீனியர்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு. தூக்கிப் போடலாமா என்று கைடிடம் கேட்டால், "இருக்கட்டும், தேவைப்படும்" என்பார். கைடு ஒருவரின் உரை முழுவதும் மாறாமல் எல்லாத் துறைகளிலும் கிடைக்கும் ஒரே பாடம் இது.

எனினும் இடம் பெற்றவர் விருந்தாளியாகவும் இருக்கலாம். சம்மர் பிராஜெக்டுக்கு வரும் எம்.எஸ்சி. மாணவருக்கும் ஒரு மூலை ஒதுக்குவதுண்டு. பழி சுமத்தப்படுவதும் அடையாளம் ஆகாது. பழி யார்மேலும் விழும், ஏ.சி. மெக்கானிக் மேலும் விழுந்திருக்கிறது. ஆதலால் எம் துணிபு இது: புதியவர் மற்றவர் மேல் பழி போடத் தொடங்கும் நாளே அவர் சேர்ந்த நாள். ஒரு பிற்பகல் அவர் காலி பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, "டி.ஏ.இ. பஃபரை முடிச்சது யாரு? முடிச்சவங்க போட்டு வைக்க மாட்டீங்களா?" என்பார். நேற்றுவரை இப்படிக் கேட்டிருந்தால் ஒருவரும் தலை நிமிர்ந்திருக்க மாட்டார். இன்று மூன்று மேசைகளிலிருந்து "நான் இல்லை" என்று பதில் வரும்.

அதை முடித்தவர் அவரேயாயின் துணிபு என்னாகும் எனின், ஒன்றும் ஆகாது. சீனியர்களின் வழக்கமும் அதுவே.