கல் சுமந்தவருக்குப் பேரன் இல்லை

பெரியப்பா எங்கள் வம்ச வரலாற்றை லேமினேட் செய்து கொண்டுவந்து கூடத்தில் மாட்டிவிட்டார். அதன்படி நாங்கள் ராஜராஜ சோழனின் படைத்தளபதி வழி. யாரைக் கேட்டாலும் ராஜா, மிஞ்சிப்போனால் மந்திரி வழிதான். 1010-இல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கல் சுமந்தவர்கள் ஒருவர் விடாமல் பிரம்மச்சாரிகளாகவே காலமாகிவிட்டார்கள் போலிருக்கிறது.

கணக்கு வேறு கதை சொல்கிறது. பெற்றோர் 2, தாத்தா பாட்டி 4 என்று இரட்டித்துக்கொண்டே போனால் பத்தாம் தலைமுறையில் 1,024 பேர்; முப்பதாவதில் 107 கோடி. அன்றைக்கு உலகத்திலேயே அத்தனை பேர் கிடையாது. ஆகவே ஒரே ஆள் பல கிளைகளில் தலைகாட்டியாக வேண்டும். அக்கா மகளைக் கட்டும் ஊரில் இதை விளக்கவா வேண்டும்? தளபதி நமக்குத் தாத்தா என்றால், அவர் குதிரைக்குப் புல் அறுத்தவரும் தாத்தாதான்.

"அதெல்லாம் இருக்கட்டும் பெரியப்பா, உங்க அப்பாவோட அம்மா பேரு என்ன?"

லேமினேஷனில் அந்த இடத்தில் 'மனைவி' என்று மட்டும் இருந்தது. பெரியப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.