எட்டுக்கு அப்புறம் ஆறு

காலையில் ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. எழுத்தில் காரம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் பேண்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஃபிசியோ பெண் சொன்னது. அறுபதைத் தாண்டிய பெண்கள் அத்தனை பேரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதோடு என் வீட்டுக்காரர் எண்ணுகிற லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மஞ்சள் பேண்டை முடித்து, இன்னும் முரண்டு பிடிக்கிற சிவப்புக்கு வந்திருக்கிறேன். அதை வளையமாக முடிந்து இரண்டு கணுக்காலிலும் மாட்டி, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் நின்று மற்றதைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். மூன்று விநாடி நிறுத்தி மெதுவாகக் கொண்டுவர வேண்டும். சூட்சுமம் இதுதான்: ஊன்றி நிற்கிற காலின் இடுப்புத் தசைதான் ஆளைச் சாயாமல் தாங்குகிறதாம். நாலு தரம் தள்ளுவதற்குள் பேண்ட் சுருண்டு கயிறாகித் தோலை அறுக்கும். நைட்டியின் ஓரமும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அதெல்லாம் கூடப் பரவாயில்லை.

எண்ணுவது இவர். நான் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பேப்பரை விரித்துக்கொண்டு, “ஒண்ணு” என்பார். தள்ளுவேன். அந்த ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே தங்கம் விலை முழுவதும் ஓடும், நேற்றைய விலையோடு ஒப்பிட்டு. கால் அந்தரத்தில் நிற்கும். “ஏங்க!” என்றால் “ரெண்டு, மூணு, நாலு” என்று பாக்கியைச் சேர்த்து அடைப்பார். பசி வந்துவிட்டால் ஐந்திலிருந்து எட்டுக்கு ஒரே மூச்சு. எட்டில் காலிங்பெல் அடிக்கும். இஸ்திரிக்காரர். எத்தனை துணி, எவ்வளவு பாக்கி, போன வாரம் வராத தலையணை உறை எங்கே, எல்லாம் விசாரித்துத் திரும்பி வந்து, “எங்கே விட்டோம்? ஆறு” என்பார். எட்டு என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தவராம். இன்று காலை ஒன்பதில், “ஏம்மா, மோர்மிளகாய் தீந்துபோச்சா?” என்றார். பதில் சொல்லாமல் இருந்ததற்கு, “எக்சர்சைஸ் பண்ணும்போது மூச்சை அடக்கக் கூடாது, பேசிக்கிட்டே பண்ணணும்” என்று அறிவுரை வேறு. அப்புறம் ஆறு!

65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது பேலன்ஸுக்கும் பலத்துக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டியவரும் இவர்தான். இவருக்கு வயது 71. மனைவிகளுக்கு மட்டும் என்று அதில் எங்கும் போடவில்லை.

நாத்தனார் போனில், “அந்தக் காலத்துல அம்மியில அரைச்சாங்க, பேண்டா கட்டினாங்க?” என்கிறாள். அரைத்தார்கள். குளியலறையில் வழுக்கியும் விழுந்தார்கள், இடுப்பெலும்பு முறிந்து திண்ணையை ஒட்டிய அறையில் கடைசி வரை படுத்தே கிடந்தார்கள். “விழுந்து படுத்தவ எழுந்திருக்கலை” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு எல்லோரும் அம்மியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

போன தடவை ஃபிசியோ பெண் வந்தபோது, “நல்லா நிக்கிறீங்கம்மா” என்றாள். “தினமும் எண்ணிடறேன்” என்றார் இவர். அடுத்த மாதம் பச்சையாம், இன்னும் கடினம். ராத்திரி பாதாம் ஊறப்போடச் சொல்லியிருக்கிறார். தனக்கு.