திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் கனவுப் பலன்: ஒரு பூர்வாங்க ஆய்வு

கனவுக்குப் பலன் உண்டா என்ற கேள்வியை இவ்வாய்வு எடுத்துக்கொள்ளவில்லை. திருக்கடலூரிலோ மனையாவெளியிலோ அப்படிக் கேட்பவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பலன் உண்டு, எப்போது வரும், யார் தலையில் விடியும் என்பதே வழக்கு. ஆய்வின் எல்லை உட்துறைமுகமும் அதன் அக்கம்பக்கமும், கொட்டியாரக் குடாவின் மறுகரையும். மூலாதாரங்கள்: பொன்னவன் பெயரில் வழங்கும் கனா நூல், பஞ்சாங்கத்தின் பின்பக்கங்கள், தேத்தண்ணிக் கடை வாங்கு, ஆச்சிமார். இவற்றுக்குள் முரண்பாடு எழுந்த இடங்களில் ஆச்சிமாரின் கருத்தே முடிவாகக் கொள்ளப்பட்டது. மேன்முறையீட்டுக்கு வழியில்லை.

பொன்னவனின் கணக்கு நேரானது. இரவை நான்கு யாமமாக்கினால், முதல் யாமத்துக் கனவு ஓராண்டில் பலிக்கும். இரண்டாவது எட்டு மாதத்தில். மூன்றாவது மூன்று மாதத்தில். விடியப்புறக் கனவு பத்து நாளில். யாமத்துக்கு ஒரு கனவு வீதம் ஒருவர் நாள்தோறும் கண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் காலையிலும் தவணை முடியாமல் அவர் பெயரில் நிற்பவை 365, 240, 90, 10. ஆக 705 கனவுகள். அன்று அவருக்குப் பல் வலித்தாலும், காசு தொலைந்தாலும், நெடுநாள் காணாத மச்சான் படலையில் வந்து நின்றாலும், "நான் அப்பவே சொன்னேன்" என்று உரிமை கோர 705 பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஒன்றுகூடப் பொருந்தாவிட்டால்தான் அதிசயம். கனவு பலிக்காது என்று வாதாடுகிறவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்காதவர்கள்.

1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறங்குபவரின் கண்கள் விரைந்து அசையும் கட்டம் ஒன்று உண்டென்று அறிவித்தார்கள். கனவு மலியும் அக்கட்டம் விடியலை நெருங்க நெருங்க நீளும். ஆகவே விடியப்புறக் கனவுதான் நினைவில் தங்கும். அதற்குப் பத்தே நாளும், எவருக்கும் ஞாபகமில்லாத முன்னிரவுக் கனவுக்கு ஒரு முழு ஆண்டும் கொடுத்த பொன்னவன் லேசுப்பட்ட ஆளில்லை.

ஆனால் இந்த மாவட்டம் அவரையும் ஒருமுறை திணறடித்தது. 1996இல் இலங்கை அரசு நாட்டின் நேரத்தை முதலில் ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, பிறகு அதில் அரைமணியைக் குறைத்து, அந்த அரைமணி வித்தியாசத்தை 2006 ஏப்ரல் வரை வைத்திருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே நின்றன. பட்டணத்தில் அதிகாலை 3.10க்கு ஒருவர் கண்ட கனவு நான்காம் யாமத்தது. பத்து நாளில் பலிக்க வேண்டும். அதே கணத்தில் குடாவுக்கு அப்பால் சம்பூரில் மணி 2.40, அது மூன்றாம் யாமம், மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். யாமத்தைச் சூரியனை வைத்துத்தான் கணிக்க வேண்டும், மணிக்கூட்டை வைத்தல்ல என்று மறுப்போர் உண்டு. அவர்களில் எவரும் திடுக்கிட்டு எழும்பியதும் வானத்தைப் பார்த்ததாகத் தகவல் இல்லை. தலையணைக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் பார்க்கிறார்கள்.

அடுத்தது எதிர்ப்பலன் விதி. கலியாணம் கண்டால் சாவு, சாவு கண்டால் கலியாணம், மலத்தை மிதித்தால் காசு, பாம்பு கடித்தால் பீடை விலகும். ஆனால் பல் விழுந்தால் மட்டும் நேர்ப்பலன்: சொந்தத்தில் ஒரு சாவு. எது புரளும், எது புரளாது என்பதை நூல்கள் சொல்வதில்லை. குறுக்கு விசாரணையில்தான் தெரியவரும். தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே கடைக்காரர் நடத்திய ஒரு விசாரணை:

"மேல் பல்லோ, கீழ்ப் பல்லோ?"

"கீழ்ப் பல்லண்ணை."

"அப்ப தாய் வழி."

"தாய் வழியிலை இப்ப ஒருத்தரும் மிச்சமில்லையே."

"கனடாவிலையும் இல்லையோ? விசாரிச்சுப் பார்."

விசாரித்ததில், அங்கே ஒரு சின்னம்மாவுக்குப் போன கிழமைதான் கட்டுப்பல் வைத்தார்கள் என்று தெரியவந்தது. கனவு பலித்துவிட்டது. கடைக்காரர் தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை.

கடல் உள்வாங்குவதாகக் காணும் கனவுக்கும் முன்பு ஒரு பலன் சொல்லியிருப்பார்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அதற்கு எதிர்ப்பலனோ நேர்ப்பலனோ எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆய்வு அடுத்த உருப்படிக்கு நகர்கிறது.

கிண்ணியாவில் தரவு திரட்ட முடியவில்லை. கெட்ட கனவு கண்டால் இறைவனிடம் பாதுகாவல் தேடிவிட்டு, மறுபக்கம் திரும்பிப் படு, யாரிடமும் சொல்லாதே என்பது நபிமொழி. நல்ல கனவென்றால் வேண்டியவர்களிடம் மட்டும் சொல்லலாம். நானோ வினாக்கொத்தோடு போன ஆள். இந்தத் துறையில் இதைவிடப் புத்திசாலித்தனமான அறிவுரையை நான் பார்த்ததில்லை என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன்.

மேலைநாட்டு ஆய்வை ஒரே பந்தியில் முடித்துவிடலாம். கனவு விளக்கம் பற்றிய பிராய்டின் நூல் 1899 நவம்பரில் வெளிவந்தது. அட்டையில் 1900 என்று போட்டார்கள். முதற்பதிப்பின் 600 பிரதிகள் விற்று முடிய எட்டு ஆண்டுகள் பிடித்தன. எங்கள் பஞ்சாங்கம் சித்திரை பிறக்குமுன் கடையில் முடிந்துவிடுகிறது. ஒப்பீட்டை வாசகரிடம் விடுகிறேன். இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்கரான அர்த்தெமிதோரஸ் மட்டும் மதிக்கத்தக்கவர்: கனவு கண்டவரின் தொழிலைக் கேட்காமல் பலன் சொல்லக்கூடாது என்றார். அவர் திருகோணமலைக்கு வந்திருந்தால், மீன் கனவு கண்ட மீனவரிடம், அது கனவல்ல, சம்பளமில்லாத மேலதிக வேலை என்று சொல்லியிருப்பார்.

தொழில் என்றதும்தான் பெரிய சிக்கல் தலைதூக்குகிறது. பின்னேரம் வள்ளத்தை இறக்கி, விடிய மீன்பாட்டோடு கரை சேர்பவர் தூங்குவது பகலில். பகற்கனவு பலிக்காது என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி. அப்படியானால் இரவுத் தொழிலாளருக்கு, கடலில் நிற்பவரானாலும் துறைமுக வாசலில் காவல் நிற்பவரானாலும், எதிர்காலமே இல்லை என்றாகிவிடும். ஊர் இதற்கு ஒரு தீர்வு வைத்திருக்கிறது: புருஷனுக்குரிய கனவை வீட்டில் படுத்திருக்கும் மனைவி காண்கிறாள். இது முறையா என்று சந்தேகிப்பவர்களுக்கு முன்னுதாரணம் தருகிறேன். கம்பராமாயணத்தில் சீதை தூங்குவதே இல்லை. தூங்காதவளுக்குக் கனவு ஏது என்று, அவளுக்காகத் திரிசடை காண்கிறாள். தலைகளில் எண்ணெய் வழிய, சிவப்பு உடுத்து, கழுதை பூட்டிய தேரில் இராவணன் தென்திசை போகிறான். சம்பவம் நடந்தது அசோகவனத்தில்தான். ஆனால் இராவணன் வெட்டு கோணேசர் மலையில் இருப்பதால், வழக்கை எங்கள் நியாயாதிக்கத்துக்குள் எடுத்துக்கொள்ளத் தடையில்லை.

திரிசடையின் கனவு முடியுமுன் அவள் விழித்துவிடுகிறாள். சீதை கைகூப்பி, தாயே, திரும்பப் படுத்து மிச்சத்தையும் கண்டு சொல் என்கிறாள். பரிகாரம் கேட்கவில்லை, பலன் கேட்கவில்லை. மேலதிகத் தரவு கேட்டாள். இந்த முறையியலைத் திருக்கடலூரில் பரீட்சித்துப் பார்க்க முனைந்தேன். முதல் நாள் கடலுக்குப் போகாமல் இரவு முறையாக உறங்கிய ஒருவர், யானை துரத்திக்கொண்டு வரும் கட்டத்தில், ஒழுங்கைக்குள் பேத்தோவனின் இசையோடு நுழைந்த பாண் ஓட்டோவால் எழுப்பப்பட்டிருந்தார். யானை பிடித்ததா, விட்டதா தெரியாமல் பலன் சொல்ல முடியாது. திரும்பப் படுங்கள் என்று வேண்டிக்கொண்டேன். அவருக்குச் சம்மதம்தான். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது:

"யானை எங்கையும் போகாது. முதல்லை பாணை வாங்கச் சொல்லுங்கோ, அவன் போயிடுவான்."