கல்லை எண்ணுகிறவர்கள்

செவ்வாயில் இறங்க வேண்டிய ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் என்ற ஐரோப்பிய ஊர்தி இன்னும் பூமியை விட்டே கிளம்பவில்லை. 2018 என்றார்கள், 2020 ஆனது, 2022 ஆனது. ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததும் அதுவும் போச்சு. இப்போது 2028. வண்டி கிளம்பாவிட்டால் என்ன? இறங்கும் இடத்தை 2018 நவம்பரிலேயே தேர்ந்துவிட்டார்கள்: ஆக்சியா பிளானம். வருஷக்கணக்காகக் கூடிப் பேசி, சரிவு எவ்வளவு, புழுதி எவ்வளவு என்று அளந்து, சுமார் 300 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படத்தில் கல் கல்லாக எண்ணினார்கள். இறங்கும் நீள்வட்டம் 120 கிலோமீட்டர் நீளம், 19 கிலோமீட்டர் அகலம். சிவகாசியில் பஸ் ஏறிச் சாத்தூரில் இறங்கினால் ஏறக்குறைய அந்த அகலம்தான்.

அந்த பஸ் போகிற வட்டாரத்தில் எத்தனை பட்டாசு அறையில் எத்தனை பேர் உட்கார்ந்து மருந்து செலுத்துகிறார்கள் என்பதையும் எண்ணுவார்கள். பிண அறை வாசலில் வைத்து. வெடித்த ஆலைகள்: 2012 முதலிப்பட்டி, 2021 அச்சங்குளம், 2023 அக்டோபர் 17 ஒரே நாளில் ரெங்கபாளையமும் கிச்சநாயக்கன்பட்டியும், 2025 சின்னக்காமன்பட்டி.

மருந்து அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்று விதி இருக்கிறது. வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புக்குத் தலைமையகம் நாக்பூரில் என்றாலும், அலுவலகம் சிவகாசியிலேயே உண்டு. பார்த்து வர விண்கலம் வேண்டாம், ஒரு பைக் போதும். அப்படியிருந்தும், அச்சங்குளத்தில் உரிமம் ஒருவர் பேரிலும் அறைகள் உள்குத்தகையில் வேறு ஆட்களிடமும் இருந்தது வெடித்த பிறகுதான் வெளியே வந்தது!

இடத் தேர்வு எங்களுக்கும் தெரியும், ஐயா. தீபாவளி ஆர்டர் குவிந்து அறை பற்றாமல் போனால் ஒரு வேப்பமரத்தடி போதும். குழு, கூட்டம், வாக்கெடுப்பு ஒன்றும் கிடையாது; போர்மேன் கை காட்டுவார், பெண்கள் உட்காருவார்கள். செவ்வாய்க்குப் போகிற ஊர்தியில் பூமியின் கிருமி ஒட்டிவிடக் கூடாதென்று அங்கே தலை முதல் கால்வரை அங்கி, கையுறை, முகமூடி. உயிர் இருக்கிறதா என்றே தெரியாத ஒரு கோளுக்கு அந்த மரியாதை. இங்கே அலுமினியப் பொடி அப்பிய விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, போகாத மினுமினுப்போடு சோற்றைப் பிசைகிறாள் ஒருத்தி.

வெடித்தால் உரிமம் தற்காலிக ரத்து, நிவாரணம் சில லட்சம், கைது போர்மேன். காரணம் ‘உராய்வு’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். உராய்ந்த கைக்காரி வந்து மறுக்கவா போகிறாள்?