கை ஒன்று, நியாயம் இரண்டு

கேள்வி: விளையாட்டில் அரசியல் கூடாது என்ற விதி எல்லோருக்கும் பொதுதானா?

பதில்: 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற டாமி ஸ்மித்தும் வெண்கலம் வென்ற ஜான் கார்லோஸும் கறுப்பின மக்களின் வறுமையைக் காட்ட, ஷூ இல்லாமல் கறுப்புக் காலுறையோடு மேடையேறினார்கள். தேசிய கீதம் ஒலிக்கையில் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தினார்கள். ஸ்மித் வலக்கை, கார்லோஸ் இடக்கை. இருந்தது ஒரே ஜோடி! அரசியல் புகுந்துவிட்டதென்று கொதித்தார் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் ஏவரி பிரண்டேஜ். இருவரும் அமெரிக்க அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1936-ல் இதே பிரண்டேஜ்தான் அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டித் தலைவர். அந்த ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் ஹிட்லருக்கு நீண்ட நாஜி வணக்கக் கைகள் அவர் கண்ணை உறுத்தவில்லை. அது அந்த நாட்டு வணக்கமாம். யூத வீரர்களை ஒதுக்கிய ஜெர்மனியில் நடந்த அந்தப் போட்டியைப் புறக்கணிக்கக் கூடாதென்று மல்லுக்கட்டியவரும் அவரே.